முப்பத்தோராம் நாள் ஏணை

என் மூத்த பிள்ளைக்கு முகத்தில் நாடி இல்லை என்றே சொல்லலாம். கீழுதட்டோடு முகம் முடிந்து கழுத்து தொடங்கிவிடும். மூச்சை உள்ளே இழுக்கும்போதெல்லாம் கரகரவென்று சத்தம் வரும். வவுனியா ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பியபோது தாதி ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

“நிமிர்த்திக் கிடத்தினா நாக்கு பின்னுக்கு விழுந்து மூச்சை அடைச்சுப்போடும். குப்புறவே வைச்சிருங்கோ. நாடி வளர வளரச் சரிவரும்.”

குடியேற்றத் திட்டத்தில் எங்களுக்குக் கிடைத்த வீட்டில், அவனை நெஞ்சில் குப்புறப் போட்டபடி சுவரில் சாய்ந்திருந்தேன். சாப்பிட்டதும் அப்படி, கண்ணயர்ந்ததும் அப்படி. கணவர் விடிந்ததும் வயலுக்குப் போய்விடுவார். பிள்ளை பிறந்த துடக்கு வீடு என்று அயலார் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. அதுவும் நல்லதுதான். அந்தச் சத்தத்துக்கு ஆளாளுக்கு விளக்கம் சொல்லும் பொறுமை எனக்கு இல்லை.

முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவுக்கு அவருடைய அக்கா, என் மச்சாள், யாழ்ப்பாணத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். வீட்டைக் கழுவி மஞ்சள் தண்ணீர் தெளித்தார். தன் பழைய சேலையைக் கூரை வளையில் கட்டி ஏணை போட்டார். நான் தலைக்கு வார்த்துவிட்டு வரும்வரை பிள்ளை அதில் கிடக்க வேண்டுமாம்.

குப்புறப் போடச் சொன்னேன். முதன்முதல் ஏணையில் போடும்போது பிள்ளை முகம் கவிழ்ந்து கிடக்கக் கூடாது, கூடாத சகுனம் என்று நிமிர்த்திக் கிடத்தினார். ஏன் சொல்கிறேன் என்று நான் சொல்லவில்லை. வாயில்லாப் பூச்சி இல்லை நான், சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு மாதமாக ஆற அமரக் குளிக்காத உடம்பு. கிணற்றடியில் அண்டா நிறையத் தண்ணீர் இருந்தது. கொஞ்ச நேரம்தானே என்று நினைத்தேன்.

கிணற்றடிவரை அவனுடைய சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு கேட்கவில்லை.

மச்சாள் வாசலுக்கு வந்து, “நல்ல நித்திரை. நீர் ஆறுதலாக் குளிச்சிட்டு வாரும்” என்றார்.

சத்தம் நின்றது எனக்கும் தெரிந்தது. முப்பது நாளில் முதல் தடவையாகக் காது ஓய்ந்தது. நிம்மதியாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். இன்னும் நாலைந்து வாளி வார்த்தேன். தலையைத் துவட்டி, முடிந்துகொண்டு போய்த்தான் ஏணையை விலக்கினேன். உதடெல்லாம் நீலமாக இருந்தது. நான் அழவில்லை. அழுகை வரவில்லை.

கடவுள் கொடுத்தார், எடுத்தார் என்று எல்லோரும் சொன்னார்கள். சாகும்வரை மச்சாளும் அப்படித்தான் சொன்னார். தாதி சொன்னது அவருக்குத் தெரியாது. நான் இன்றுவரை ஒருவருக்கும் சொல்லவில்லை.