அட்டெஸ்ட் ஆகாத சொல்

என் சொந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். சர்க்கார் பதிவேட்டில் இருப்பதை எழுதலாம். அது பெயரே இல்லை: நாம்தன்.

அப்பா மெயின்லேண்டிலிருந்து கப்பலேறி இந்தத் தீவுக்கு வந்த நாலாம் மாதம் நான் பிறந்தேன். அப்போது அவருக்கு இந்தியில் தண்ணீர் கேட்கக்கூடத் தெரியாது. பிறப்பைப் பதியும் கவுண்டரில் "நாம்?" என்று பெயர் கேட்டிருக்கிறார்கள். "நாமா?" என்று தமிழில் கேட்பதாக நினைத்து, இவர் "நாமதான்" என்று அழுத்திச் சொல்லியிருக்கிறார். எழுதிக்கொண்டவர் "அச்சா நாம் ஹை" என்று பாராட்டினாராம்.

அந்தப் பெயரோடு நான் பட்டது போதும். மகளைப் பள்ளியில் சேர்க்கும்போது தகப்பன் பெயராக அது அவள் தலையிலும் ஏறக் கூடாது என்பதுதான் என் ஒரே கவலை. மாற்ற வேண்டுமானால், தவறு தன்னுடையது என்று அப்பா எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். "நான் சரியாத்தான்டா சொன்னேன்" என்று அவர் முப்பது வருடமாக ஒரே பிடி.

எப்படியோ அவரைப் பெரார்கஞ்சிலிருந்து பஸ்ஸில் பதிவு ஆபீசுக்கு இழுத்து வந்தேன். தவறு அவருடையதல்ல, சொற்களுடையது என்று காட்ட ஒரு தாளையும் அடித்து இணைத்திருந்தேன். இந்தி நாம், இங்கிலீஷ் நேம், சகஸ்ரநாமத்தின் நாமம் எல்லாம் ஒரே மூலச்சொல்லின் வாரிசுகள். அதை அறிஞர்கள் ஏறக்குறைய 'ஹ்நோமன்' என்று மீட்டிருக்கிறார்கள். தமிழ் 'நாம்' அந்தக் குடும்பமே இல்லை, ஜாடை மட்டும் ஒத்துப்போகிறது. இவ்வளவும் அதில் இருந்தது. படித்த திமிர், வேறென்ன.

கவுண்டரிலிருந்த வங்காளி அம்மா மூலச்சொல்லின் முன்னால் இருந்த நட்சத்திரத்தில் பேனாவை வைத்தார். "யே ஸ்டார் கியா ஹை?"

எழுத்தில் எங்குமே கிடைக்காத சொல், பிள்ளைகளின் முகத்தை வைத்துத் தகப்பனை ஊகித்திருக்கிறார்கள் என்று இந்தியில் விளக்கினேன். அதோடு நிறுத்தாமல், "அன்அட்டெஸ்டட்" என்றும் சொல்லித் தொலைத்தேன்.

செல்லாது, கையெழுத்து வாங்கி வா என்று தாள் திரும்பி வந்தது. "அட்டெஸ்டட் நஹி? நஹி சலேகா. கெஜட்டட் ஆபீசர் சே கராவோ."

"மேடம், அது ஆயிரக்கணக்கான வருடம் பழையது."

"தோ ஒரிஜினல் லாவோ."

அப்படியானால் ஒரிஜினலைக் கொண்டு வரவேண்டுமாம். எனக்குக் கவுண்டர் கம்பியைக் கடிக்கலாம் போல வந்தது. அப்பாவுக்கு ஒரே குஷி. "அப்பனுக்கே சர்டிபிகேட் இல்லையாம். நீ பிள்ளைக்குப் பேர் மாத்த வந்துட்டே."

அந்தம்மா அவரிடம் திரும்பினார். நாம் என்றால் உங்கள் பாஷையில் 'ஹம்' தானே, அந்த 'ஹம்' யார் யார் என்று கேட்டார்.

"மே ஔர் யே", நானும் இவனும் என்று அப்பா என்னைக் காட்டினார். பிறகு என்னிடம் தமிழில் சொன்னார்: "ஆபீசர்கிட்டச் சொல்லியிருந்தா 'நாங்கதான்'னுல்லடா சொல்லியிருப்பேன்? உங்கம்மா ஆபரேஷன் முடிஞ்சு கண்ணு முழிக்கல. சொந்தம்னு இந்தத் தீவுல ஒரு ஆள் கிடையாது. உன்னைத் துண்டுல சுத்தித் தூக்கிட்டு நின்னேன். அந்தாளு 'நாமா?'ன்னு கேட்டதும் நீ முழிச்சுப் பார்த்தே. உன்னப் பாத்துத்தான் சொன்னேன்."

சொல்லிவிட்டு என் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "சரி, புள்ளைக்காகப் போட்டுத் தர்றேன். எங்கடா போடணும்?"

எனக்கு இடத்தைக் காட்டக் கை வரவில்லை.