கழுத்து காயும் வரை

ஒன்றாம் வகுப்பு வாசலில் நின்றபடி, உள்ளே நுழையும் ஒவ்வொரு பிள்ளையின் பென்சில் பெட்டியிலிருந்தும் ரப்பரை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொள்கிறார் ஓவிய டீச்சர். "மணி அடிச்சதும் தந்துடுவேன். தப்பா வந்தா பக்கத்துலயே இன்னொரு தடவை போடு, கண்ணு." பள்ளி முழுக்க அவருக்கு 'இன்னொரு தடவை' என்றே பேர். காதில் விழாத மாதிரி நடந்துபோவதில் அவர் கெட்டிக்காரர்.

சின்னதுகளுக்குக் காகிதம் கிழித்து மீனுக்குச் செதில் ஒட்டுகிற வேலை. யாராவது பாதியில் எழுந்தால், "மீனு அரைச் சட்டையோட நிக்குது, குளிராதா?" என்பார். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பருவம் முழுக்கத் தங்கள் இடது கையையே வரைய வேண்டும்.

"போரடிக்குது டீச்சர்."

"உனக்கா, கைக்கா? போன வாரம் ஆறு விரல் இருந்துச்சு, இப்ப அஞ்சுக்கு வந்திருக்கு. விட்டுடாதே."

நாலாம் வகுப்புக்கு ஒட்டகச்சிவிங்கி. அட்டைக் குழாயின் மேல் பசையில் நனைத்த செய்தித்தாளைச் சுற்றி, காயவிட்டு, மறுபடி சுற்ற வேண்டும். அப்படிக் காயவிடுவதுதான் பாடமே. பள்ளிக் கண்காட்சிக்கு முந்தின நாள், அவசரத்தில் பிள்ளைகள் ஈரத்தின் மேல் ஈரமாகச் சுற்றித் தள்ளிவிட்டார்கள். குழாய் ஊறி, கழுத்து மடங்கி, தலை தரையைத் தொட்டது. தலைக்குப் பொறுப்பான சிறுமி தேம்பித் தேம்பி அழுதாள். டீச்சர் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "அழுது முடிச்சிட்டு உரி. புதுக் குழாய் தரேன்" என்றார்.

வீட்டில், அவர் முழங்கையில் காய்ந்திருந்த பசையைப் பார்த்த கணவர், "நீயே ஒட்டிக் குடுத்தா வேலை முடிஞ்சுது. இதுக்குப் போய் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கியே" என்றார்.

"ஒட்டிடலாம். அப்புறம் எது சாஞ்சாலும் என்னைத்தான் தேடும், அதுங்க."

தலைமையாசிரியர் கறாராகச் சொல்லிவிட்டார்: "திறக்கிற நேரத்துக்குக் காஞ்சு நிக்கணும் டீச்சர். இல்லேன்னா ஸ்டோர் ரூமுக்குப் போயிடும். பெத்தவங்க முன்னாடி மானம் போகக் கூடாது."

விடிந்ததும் விடியாததுமாகப் பிள்ளைகள் வந்து, மெல்லிசாக ஒரு சுற்று, காய்கிற வரை கையைக் கட்டிக்கொண்டு காவல், பிறகு அடுத்த சுற்று என்று பழியாய்க் கிடந்தார்கள். கழுத்து நின்றது. கடைசிச் சுற்று மட்டும் காயவில்லை.

அரங்கம் நிறைந்துவிட்டது. தலைமையாசிரியர் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். விரலில் பசை ஒட்டியது. சிறுமி டீச்சரின் புடவையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஈரமா இருக்கே, டீச்சர்."

"இன்னும் கொஞ்சந்தான் சார். நீங்க பேச ஆரம்பிங்க. முடிக்கிறதுக்குள்ள நல்லாவே காஞ்சுடும்."

தலைமையாசிரியர் மைக் முன்னால் போய்த் தொண்டையைச் செருமினார். டீச்சர் முன்வரிசைக்கு நடந்து, பிரமுகர்களுக்கு வீசிக்கொண்டிருந்த மின்விசிறியின் முகத்தைப் பிடித்து, ஒட்டகச்சிவிங்கியின் பக்கம் திருப்பிவைத்தார்.