ஒரு மடக்கு ரம்

அந்த இரண்டு பேரையும் வாசல்வரை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தியபோது எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. அவர்கள் என் வீட்டில் உட்கார்ந்து குடித்தார்கள் என்பதற்காக அல்ல, குடித்த லட்சணத்துக்காக. நாசரேத் பக்கம், மது என்ற சொல்லையே குரலைத் தாழ்த்திச் சொல்லும் குடும்பத்தில் பிறந்தவள் நான். பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். ரம்மை ஒழுங்காகக் குடிக்கவில்லை என்று ஒருநாள் இரண்டு ஆண்கள்மேல் கோபப்படுவேன் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால், என்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார்கள்.

பாட்டில் என் கணவருடையது. அவர் சரக்குக் கப்பல்களில் சமையல்காரராக இருந்தவர். கிரிக்கெட் நடக்கும்போது மட்டும் நாம் நினைத்துக்கொள்ளும் மேற்கிந்தியத் தீவுகளில், வரைபடத்தில் தேடினால்தான் கிடைக்கிற ஒரு சின்னத் தீவில், கப்பல் நின்றிருந்த மதியம் ஒன்றில் அதை வாங்கினார். ஒரே குடும்பம் தலைமுறை தலைமுறையாக நடத்தும் ஆலையாம். ஓடைத் தண்ணீர் சக்கரத்தைச் சுற்ற, சக்கரம் கரும்பை ஆட்ட, அந்தச் சாற்றைப் புளிக்கவைத்து, விறகு எரித்துச் செம்புக் கொப்பரையில் வடித்து, மரப்பீப்பாயில் பன்னிரண்டு வருடம் போட்டுவைப்பார்களாம். ஒவ்வொரு விடுமுறைக்கும் வந்து இந்தக் கதையைச் சொல்லுவார். எனக்கு அந்தப் பாட்டில், பீரோவில் பட்டுச்சேலைகளுக்குக் கீழே இடத்தை அடைத்துக்கொண்டிருந்த சனியன். "வேலையெல்லாம் முடிச்சிட்டு வந்து நிதானமா ஒக்காந்து குடிப்பேன்ளா" என்பார். குடிகாரர் அல்ல அவர். வாயில் எதைப் போட்டாலும் அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று பிரித்துச் சொல்லாமல் எழுந்திருக்க மாட்டார், அவ்வளவுதான்.

வேலையை முடித்து வந்தார். வந்த வருடமே மூக்குக்குப் பின்னால் கட்டி என்றார்கள். திருநெல்வேலியில் கதிர்வீச்சு கொடுத்தார்கள். கட்டி போயிற்று, கூடவே ருசியும் மணமும் போயிற்று. மெல்ல மெல்லத் திரும்பிவிடும் என்று டாக்டர் சொன்னதை நம்பிக் காத்திருந்தோம். எங்கள் வீட்டில் இப்போதும் சமைப்பது அவர்தான். சாளை மீன் குழம்பைக் கொதிக்கவைத்து, கரண்டியை என் முன்னால் நீட்டி, "உப்பு சரியா இருக்கா, புளி தூக்கலா இருக்கா" என்று கேட்பார். நான் சொல்வேன். பிறகு உட்கார்ந்து, தான் வைத்த குழம்பைத் தானே காகிதம் மெல்வதுபோல் மென்று விழுங்குவார். அதைப் பார்த்துக்கொண்டே எனக்குச் சோறு இறங்காது. கடைசியாகப் போனபோது டாக்டர், இனி வருவதற்கு வாய்ப்பில்லை என்று சொல்லிவிட்டார். வீடு திரும்பியதும் இவர் நேராக பீரோவைத் திறந்து பாட்டிலை எடுத்தார்.

"நான் குடிக்கப் போறதில்ல. வாயெல்லாம் புண்ணு, எரியும். ஆனா அது எப்படி இருக்குன்னு எனக்குத் தெரியணும். யாராவது குடிச்சுச் சொல்லட்டும்" என்றார்.

என்னிடம் கேட்கவில்லை. கேட்கலாம் என்றே அவருக்குத் தோன்றியிருக்காது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நான் வரும்போது, சாப்பாட்டு மேசையில் அவருடைய கூட்டாளிகள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். இன்னொருவர் ஆத்தூரில் வெற்றிலை வியாபாரம் செய்பவர். வரும்போதே மிக்சர், ஊறுகாய், பெரிய கோலா பாட்டில் எல்லாம் வாங்கி வந்துவிட்டார்கள். இவர் தேய்த்துத் துடைத்த சின்னக் கண்ணாடித் தம்ளர்களில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிவிட்டு, "தண்ணி சேக்காதீங்க. நாக்குல வச்சு, மெதுவா" என்று பாடம் எடுத்துக்கொண்டிருந்தார்.

எங்கள் பக்கத்து ஆண்கள் குடிப்பதை நான் கல்யாண வீடுகளின் பின்பக்கத்தில் பார்த்திருக்கிறேன். ருசிப்பது என்ற பேச்சே கிடையாது. கண்ணை மூடி, மூச்சைப் பிடித்து, கஷாயம் குடிக்கும் பிள்ளைபோல ஒரே மடக்கு. தம்ளர் கீழே வருவதற்கு முன்பே விரல் ஊறுகாய்க்குப் போய்விடும். யாராவது பார்த்துவிடுவார்களோ என்று குடித்துக் குடித்து, பார்க்க ஆளே இல்லாத இடத்திலும் அந்த அவசரம் போவதில்லை.

கிரேன்காரர் அப்படியேதான் செய்தார். பன்னிரண்டு வருடம் ஒரே விநாடியில் உள்ளே போனது.

"எப்படி இருக்கு?" என்று இவர் மேசைமேல் குனிந்து கேட்டார்.

"சூப்பர் அண்ணாச்சி. சும்மா ஜம்முன்னு இறங்குது."

"ருசி எப்படின்னு கேக்கேன்."

"சரக்குல என்ன அண்ணாச்சி ருசி? சரக்கு, சரக்கு மாதிரிதான் இருக்கு."

வெற்றிலைக்காரர்மேல் எனக்கே கொஞ்சம் நம்பிக்கை இருந்தது. இலையைக் கிள்ளி வாயில் போட்டு, எந்தத் தோட்டத்து இலை என்று சொல்லக்கூடியவர். அவர் ஒரு சொட்டு நாக்கில் வைத்தார். முகத்தைச் சுளித்தார். "ஏயப்பா, என்னா காரம்!" என்றார். இவர் கையைப் பிடிப்பதற்குள் தம்ளர் நிறையக் கோலாவை ஊற்றிக் குடித்துவிட்டு, "இப்ப நல்லாருக்கு" என்றார்.

என் கணவர் அவர்களுக்கு இன்னும் இரண்டு தடவை ஊற்றினார், இரண்டு தடவையும் கேட்டார், இரண்டு தடவையும் "சூப்பர்" என்றுதான் பதில் வந்தது. நான் அடுக்களையில் நின்று தலையில் அடித்துக்கொண்டேன். போகும்போது, "இன்னும் பாதி கெடக்கு, அடுத்த வாரம் வாரோம்" என்று வேறு சொல்லிவிட்டுப் போனார்கள்.

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினால், இவர் காலித் தம்ளரை மூக்கில் வைத்து மோந்துகொண்டிருந்தார். எதுவும் தெரியாது என்று தெரிந்தே மோந்துகொண்டிருந்தார். அதை என்னால் தாங்க முடியவில்லை.

"கொடுங்க இங்க" என்றேன்.

"நீயா?"

"பின்ன யாரு? குழம்புக்கு உப்புப் பாக்கது யாரு?"

அவர் ஊற்றிக் கொடுத்ததில் முதல் வாய் தொண்டையைப் பொசுக்கியது. இருமி, கண்ணில் தண்ணீர் வந்து, "கர்மம்" என்றேன். அவர் பதறவில்லை. "மூச்சை வெளிய விடு. அப்புறம் ஒரு சொட்டு மட்டும் வச்சு, வாய மூடிப் பொறு" என்றார். செய்தேன். எரிச்சல் அடங்கியபின் நாக்கில் ஏதோ விரிந்தது.

"கருப்பட்டி" என்றேன்.

"இருக்காது. கரும்புச் சாறுல்லா அது."

"அடிப்பிடிச்ச கருப்பட்டி. பாகு லேசா தீஞ்ச வாசம்."

"இருக்காது."

"தோல் கறுத்துப்போன நாட்டு வாழப்பழம். அதுக்குப் பின்னால சாதிக்கா மாதிரி ஒண்ணு."

அதற்கும் தலையை ஆட்டினார். ஈரமான மரப்பெட்டியைத் திறந்ததுபோல ஒரு வாசம் என்றேன். நாக்கு ஓரத்தில் கொஞ்சம் உப்பு என்றேன். ஒவ்வொன்றுக்கும் இல்லை, இருக்காது, யோசிச்சுச் சொல்லு. பிள்ளைகளைக் கேள்வி கேட்டே காலம் தள்ளிய என்னை, பதில் தெரியாத பிள்ளைபோல நிற்கவைத்தார். எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. பிறந்ததிலிருந்து தொடாததை இவருக்காக வாயில் வைத்திருக்கிறேன், என் நாக்கில் இருப்பதை இல்லை என்று சொல்ல இவர் யார்?

தம்ளரை மேசையில் ஓங்கி வைத்தேன். "அப்ப நீங்களே சொல்லுங்க. அங்கன வச்சுக் குடிச்சீங்கல்லா, எப்படி இருந்துச்சு?"

அவர் கோலா சிந்திய இடத்தை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"கேக்கேன்லா?"

"தெரியாதுளா" என்றார்.

"தெரியாதுன்னா?"

"அந்த ஆலைக்காரம்மா ஆசையா ஊத்திக் கொடுத்தா. வெளிய வண்டிக்காரன் ஹாரன் அடிச்சிட்டே இருந்தான். நானும் ஒரே மடக்குல விட்டுட்டேன். அவ என்னையப் பாத்துச் சிரிச்சா. எனக்கு ஒரே வெக்கமாப் போச்சு. அதான் பாட்டில வாங்கினேன். வீட்டுல வந்து நிதானமா..."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. இத்தனை வருடம் அவர் சொன்ன கதையில் சக்கரம் இருந்தது, கொப்பரை இருந்தது, பீப்பாய் இருந்தது. ருசி ஒரு தடவைகூட இருந்ததில்லை. நான் அதைக் கவனித்ததே இல்லை.

"பிறகு எந்த முகத்த வச்சிக்கிட்டு நான் சொல்லுததெல்லாம் இல்ல இல்லன்னீங்க?"

"நீ சொல்லுததெல்லாம் நல்ல நல்ல ருசியாவே இருக்கு" என்றார். "அது நல்லால்லன்னு ஒரு வார்த்த சொல்லிரேன். நான் விட்டுருதேன்."

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. அந்த இரண்டு பேர் வாயிலிருந்தும் அவர் இந்த ஒரு வார்த்தையைக் கேட்கத்தான் காத்திருந்திருக்கிறார். உலகத்தைச் சுற்றி வந்த மனுஷன், கடைசியில் தான் ஒன்றையும் இழந்துவிடவில்லை என்று யாராவது சொல்லக் கேட்க வேண்டும். நல்லா இல்லை என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்? நான் வாழ்நாளெல்லாம் திட்டிய பொருள்தானே. அவருக்கும் ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் இல்லை. சொல்லிவிடலாம் என்று முடிவுசெய்து, நம்பும்படி சொல்ல வேண்டுமே என்று தம்ளரில் இருந்ததை வாயில் ஊற்றிக்கொண்டேன்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த முறை எரியவே இல்லை, ருசி மட்டும்தான் இருந்தது. எனக்கு அழுகை வந்தது. அவர்மேல் ஆத்திரம், அந்த டாக்டர்மேல் ஆத்திரம், ஹாரன் அடித்த வண்டிக்காரன்மேல் ஆத்திரம், எல்லாவற்றுக்கும் மேலாக என் நாக்கின்மேல் ஆத்திரம்.

"நல்லாருக்குங்க" என்றேன். "ரொம்ப நல்லாருக்கு."

"நெனச்சேன்" என்றார்.