வெள்ளைப் பாதாம் பாணி

‘கடிதம் வந்த பிறகே திறக்கவும்’ என்று அப்பா எழுதி, பாதாம் பாணிப் போத்தலில் ஒட்டிய துண்டுச்சீட்டு என்னிடம் இருக்கிறது. தேதி மட்டும் பாணிக்கறையில் அழிந்துவிட்டது.

இன்று லண்டன் ஹரோவில் ஒரு கடையில் பாதாம் பாணியின், அந்த இனிப்புச் சர்பத்தின், கசப்புக் கலந்த வாசனை வந்ததும், ஈஸ்ட் ஹாமில் நாங்கள் குடியிருந்த, பின்னர் இடிக்கப்பட்ட அந்த மாடியறையும், அதன் ஈரச் சுவரும், கதவிடுக்கால் தபால் விழும் சத்தமும், அதற்கு நிமிரும் அப்பாவின் முகமும் திரும்பி வந்தன.

கீழ்க்கடை சைப்ரஸ்காரர் தந்த போத்தல் அது.

“இதென்ன வெள்ளையாக் கிடக்கு? எங்கட பாணி குங்குமப்பூப் போட்டு மஞ்சளெல்லோ?” என்றார் அம்மா.

“குரோய்டன் குடிவரவுக் கந்தோர்க்காரர் முதல்ல கடிதம் போட்டு விசாவைத் தரட்டும். நிறம் பாக்காமல் குடிப்பம்,” என்றார் அப்பா.

விசா வந்தபோது குடித்தோம் என்கிறார் அம்மா. அதற்கு முன்பே உடைந்துவிட்டது என்கிறான் அண்ணன். அப்பா இப்போது இல்லை. நான் அதைக் குடித்தேனா என்பது இன்னும் உறுதியாகவில்லை.