மாட்டுக் கவி

வாவிக்கு அக்கரைப் பள்ளிக்கூட ஒலிபெருக்கியில் பிள்ளைகள் கவி பாடினார்கள். இறால் உரித்துக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. எனக்கு வயல்வட்டைச் சேற்றின் மணம் மூக்கில் ஏறியது.

அப்போது நான் சிறுவன். அம்மாவோடு களை பிடுங்கிய தங்கம்மாவைப் பாம்பு கடித்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டில் கேட்டோம். "மாடு களைச்சுப்போய் நிக்குது" என்றார் வயலுக்குச் சொந்தக்காரரான போடியார். தங்கம்மா வரம்பிலேயே செத்தாள்.

மறுநாள் களை பிடுங்கியபடியே அம்மா கவி கட்டினாள். களைத்த மாடு படுத்திருக்கிறது, தங்கம்மாவும் படுத்திருக்கிறாள் என்று. பொழுதுபடுமுன் வட்டை முழுக்க அதைப் பாடியது. போடியாரிடம் ஏச்சு வாங்கிவந்த அப்பா, மாடு சாய்த்து ஓட்டுகிற கம்பால் அம்மாவை அடித்தார். "கவி கட்டினா ஆரு சோறு போடுற?" என்று கேட்டுக்கேட்டு அடித்தார்.

இன்று பிள்ளைகள் பாடியது அம்மாவின் அந்தக் கவிதான்; தங்கம்மா படுத்திருக்கிற வரி மட்டும் இல்லை. பாடி முடிந்ததும் அறிவிப்பாளர் சொன்னார்: "மாடுகளில் நம் முன்னோர் வைத்த அன்பைச் சொல்லும் நாட்டார் கவி. கட்டியவர் யாரென்று தெரியாது." கைதட்டல் கேட்டது.

"போய்ச் சொல்லிட்டு வரட்டா அம்மா?"

அம்மா அடுத்த இறாலை எடுத்தாள்.

"வேணாம் மனே. அப்ப எல்லாருக்கும் தெரிஞ்சிருந்ததுதானே."