படத்தின் மேல் விழுந்த பழி

என் அக்காவின் படிப்பைக் கெடுத்தது ஒரு சினிமாப் படம் என்று எங்கள் வீட்டில் ஒரு பேச்சு உண்டு. கல்யாணம், காதுகுத்து என்று நான்கு பேர் கூடும் இடத்தில் அம்மா அதை எடுப்பார். கேட்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். நான் தலையைக் குனிந்து இலையில் இருப்பதைச் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். இருபது வருடத்துக்கு மேலாகிறது, அதை மறுத்து நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருக்க வேண்டியவள் நான்தான்.

படம் வந்தது ஒரு தீபாவளிக்கு. கொழும்பில் ஒரு கடையில் வேலை பார்த்த மாமா, ஹாலிஎலைக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு ஒரு வீசிடி டெக்கைத் துவாயில் சுற்றி, கைப்பிள்ளையைத் தூக்கி வருவதுபோலத் தூக்கிக்கொண்டு வந்தார். வரிசை வீடுகளான லயத்தில் உள்ள அத்தனை பேரும் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். வெள்ளைக்காரர்கள் தமிழ் பேசும் படம். பதினாறு வயதுப் பையன் ஒருவன். பகலில் பள்ளிக்கூடம் போவான். ஊரில் எங்காவது திருட்டு, அடிதடி என்றால் புத்தகப் பையில் ஒளித்து வைத்த நீல உடுப்பையும் முகமூடியையும் மாட்டிக்கொண்டு கூரைக்குக் கூரை தாவுவான். அதனால் வகுப்புக்குப் பிந்துவான், வாத்தியாரிடம் பொய் சொல்லி ஏச்சு வாங்குவான், பரீட்சையில் கோட்டை விடுவான். தான் யார் என்பதை மட்டும் உயிர் போனாலும் யாரிடமும் சொல்ல மாட்டான்.

பக்கத்துக் காம்பரா அத்தைக்கு அவன்மேல் ஒரே பரிதாபம். "இம்புட்டு ஒழைக்கிறானே, இவனுக்குச் சம்பளம் யாரு குடுக்குறா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் இல்லக்கா, சும்மாதான் செய்யிறான்" என்றார் மாமா.

"அப்ப நம்ம தோட்டம் மாதிரிதான்னு சொல்லு."

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். அவளுக்கும் பதினாறு வயது. பதினோராம் வகுப்பு ஓ.எல். பரீட்சைக்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது.

அந்தப் பையனைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே எனக்கு அக்காவின் ஞாபகம் வந்துவிட்டது. அதற்குக் காரணம் இருந்தது. அதற்கு ஒரு மாதத்துக்கு முன்னால் மழையில் அம்மா மலைச்சரிவில் வழுக்கி விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டிருந்தார். அப்பாவின் உழைப்பு மட்டும் அடுப்புக்குப் போதாது. வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் அம்மாவின் பெயரைக் கூப்பிட்டால் யாராவது நின்றாக வேண்டும். அக்கா போய் நின்றாள். கங்காணி கண்டும் காணாதவர்போல் இருந்துகொண்டார். அக்கா, பறித்ததை நிறுத்துப் பார்க்கும் காலை நிறுவை வரைக்கும் கொழுந்து பறித்துவிட்டுக் கூடையைப் பக்கத்துக் காம்பரா அத்தையிடம் ஒப்படைப்பாள். மிச்சத்தை அத்தை பார்த்துக்கொள்வார். அக்கா குறுக்குப் பாதையால் இறங்கி, ரோட்டோரத்துக் கோயிலுக்குப் பின்னால் நின்று வெள்ளைச் சீருடைக்கு மாறி, நனையாமல் இருக்க இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கைச் சுருட்டிப் புத்தகப் பையின் அடியில் திணித்து, பதுளைக்கு பஸ் ஏறுவாள். பள்ளிக்கூடத்துக்கு வந்துசேரும்போது மூன்று பாடம் முடிந்திருக்கும். பஸ் பிந்திவிட்டது என்பாள். விரல்களில் ஏறிய கொழுந்துக் கறையைத் தேசிக்காய் வைத்துத் தேய்த்துத் தேய்த்துத் தோல் உரிந்திருக்கும்.

என்னிடம் அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "ஸ்கூல்ல யார்கிட்டயும் மூச்சு விடாத, என்ன?"

நான் தலையை ஆட்டினேன். படம் பார்க்கும் வரைக்கும் அதைக் காப்பாற்றுவதில் எனக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை. அதில் பீற்றிக்கொள்ள ஏதாவது இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

தீபாவளி முடிந்து பள்ளிக்கூடம் போனால் என் வகுப்பில் அந்தப் படத்தைத் தவிர வேறு பேச்சில்லை. டவுனில் கடை வைத்திருந்தவரின் மகள் ஒருத்தி, அதில் வருவதுபோல ஒரு ஆளைத் தன் சித்தப்பா கொழும்பில் நேரில் பார்த்ததாக அளந்துகொண்டிருந்தாள். எல்லோரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. "கொழும்புக்கு எதுக்குப் போவணும்? இந்த ஸ்கூல்லயே ஒரு ஆள் இருக்கு. பையில ரெண்டு உடுப்பு இருக்கு. வந்தா காட்டுறேன்" என்றேன். பத்து வயதில் எனக்கு வாய் அதிகம், மூளை அதற்குப் பின்னால் மெதுவாகத்தான் வரும்.

இடைவேளைக்கு ஏழெட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு பதினோராம் வகுப்புக்குப் போனேன். அக்கா அப்போதுதான் வந்து பையை வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போயிருந்தாள். பெரிய பிள்ளைகள் என்னவென்று கேட்டார்கள். வித்தைக்காரன் மாதிரி பையை மேசைமேல் வைத்து, கையை விட்டு, உள்ளே இருந்ததை வெளியே இழுத்தேன்.

நான் எதை எதிர்பார்த்தேன் என்று இன்றைக்கும் எனக்கே விளங்கவில்லை. வந்தது ஈரச் சாக்கு. சேறும் சாயமும் ஏறிய பழைய சட்டை. உதறியதில் கொழுந்து இரண்டு விழுந்தது. கூடவே ஓர் அட்டைப்பூச்சி விழுந்து, யாருடையதோ கணக்குக் கொப்பியின் மேல் நெளிந்து நெளிந்து நடக்கத் தொடங்கியது. பிள்ளைகள் அலறியடித்து வாங்கில்களின் மேல் ஏறினார்கள். பிறகு சிரிப்பு. யாரோ ஒருத்தி "கொழுந்துக்காரி" என்றாள். அந்த வகுப்பில் பாதிப்பேர் எங்களைப்போல லயத்திலிருந்து வந்தவர்கள்தான். அவர்கள்தான் அதிகமாகச் சிரித்தார்கள்.

அக்கா வாசலில் நின்றிருந்தாள். முகம் ஈரமாக இருந்தது, தண்ணீர்தான்.

"ஏய், இது ஒங்க அக்கா பைதானே?" என்று ஒருத்தி என்னைக் கேட்டாள். டவுன் கடைக்காரரின் மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியாது" என்றேன்.

அக்காவுக்கு அது கேட்டது. அவள் உள்ளே வந்து, அட்டையை இரண்டு விரலால் எடுத்து யன்னலுக்கு வெளியே எறிந்தாள். அந்த வகுப்பில் வேறு யாரும் அதைத் தொட்டிருக்க மாட்டார்கள். பிறகு சாக்கை மடித்தாள். அந்த நேரம் பார்த்து வகுப்பாசிரியை வந்துவிட்டார். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தவர், கண்டிப்பானவர் என்று பெயர்.

"என்ன சத்தம் இது? ஆற்றை பை?"

"என்னோடது டீச்சர்."

டீச்சர் சாக்கைப் பார்த்தார். அக்காவின் விரல்களைப் பார்த்தார். "அப்ப நீர் ஒவ்வொரு நாளும் பஸ் பிந்திப்போச்சு எண்டு சொன்னது?" என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திருக்காமல், "சரி, எடுத்து வைச்சிட்டு இரும்" என்றார். நான் அதற்குள் நழுவிவிட்டேன்.

பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது அக்கா என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். அம்மாவிடம் சொல்வாள், விறகுக்கட்டையால் விழும் என்று பயந்துகொண்டே வந்தேன். சொல்லவே இல்லை. மறுநாள் காலையில் சீருடையைத் தொடாமல் சாக்கைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"எனக்குப் படிப்பு ஏறலம்மா. இனி முழு நாளும் நானே மலைக்குப் போறேன்."

அம்மா திட்டினார், அழுதார், நொண்டி நொண்டி வந்து அடிக்கவும் கை ஓங்கினார். காரணம் கேட்டுக் கேட்டுக் கிடைக்காமல், கடைசியில் அவராகவே ஒன்றைக் கண்டுபிடித்தார். "அந்த எழவெடுத்த டெக்கு வந்ததுலேருந்துதான் இவ புத்தி கெட்டுச்சு!" பாவம் மாமா, டெக்கை மறுபடியும் துவாயில் சுற்றிக்கொண்டு கொழும்புக்குப் போனார். அடுத்த வருடம் தீபாவளிக்கு அவர் வரவில்லை. அக்கா மறுத்துப் பேசவில்லை. நானும் பேசவில்லை.

மூன்றாம் நாள் அந்த டீச்சர் என் வகுப்புக்கு வந்தார்.

"நீர் தானே அவவின்ரை தங்கச்சி? இதைக் கொண்டுபோய் அம்மாட்டைக் குடும். மறந்திடாதையும்."

ஒட்டாத கடித உறை. பஸ் தரிப்பிடத்தில் நின்று பிரித்துப் படித்தேன். வாசிப்பில் நான் கெட்டிக்காரி. உங்கள் மகள் நன்றாகப் படிக்கக்கூடிய பிள்ளை, பரீட்சை முடியும் வரைக்கும் எந்நேரம் பிந்தி வந்தாலும் நான் பொறுப்பு, அவளைக் கட்டாயம் அனுப்புங்கள், நீங்கள் ஒருமுறை வந்து என்னைச் சந்தியுங்கள் என்று முத்து முத்தான எழுத்தில் இருந்தது. எனக்குக் கடைசி வரி மட்டும்தான் கண்ணில் நின்றது. அம்மா வந்து சந்தித்தால் பையைத் திறந்தது யார் என்று தெரிந்துவிடும். தெரியாது என்று சொன்னதும் தெரிந்துவிடும். மழை பெய்து ரோட்டோரத்து வடிகானில் தண்ணீர் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. கடிதத்தை நாலாகக் கிழித்து அதில் போட்டேன்.

அடுத்த நாள் டீச்சர் என்னைத் தேடி வந்து, "குடுத்தனீரே? அம்மா என்ன சொன்னவ?" என்று கேட்டார்.

"அக்கா இனிமே வரமாட்டாளாம் டீச்சர்."

அவர் திரும்பித் தன் வகுப்புக்குப் போய்விட்டார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு பத்து வயதுப் பிள்ளை அப்படிப் பொய் சொல்லும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அந்த வாரம் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது அக்கா தண்ணீர் விழும் பீலிக்கரையில் கைகால் கழுவிக்கொண்டு நிற்பாள். இப்போது தேசிக்காய் தேய்ப்பதில்லை. என்னைக் கண்டதும் முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு, ஏதோ சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்பாள்.

"டீச்சர் ஒண்ணும் கேக்கலையா?"

"இல்லக்கா."

மறுநாளும் கேட்டாள். அதற்கு மறுநாளும் கேட்டாள். ஒருநாள், "என்னைப் பத்தி ஒருத்தருமே கேக்கலையா?" என்றாள். நான் இல்லை என்றேன். ஒவ்வொரு தடவையும் எனக்கு எரிச்சலாக இருந்தது. விசாரணை வருமோ என்று இவளும் பயப்படுகிறாள், அதனால்தான் தோண்டித் தோண்டிக் கேட்கிறாள் என்று நினைத்தேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு மாலை நான் வந்தபோது அவள் ஒன்றும் கேட்கவில்லை. அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். "வா, சாப்பிடு" என்று மட்டும் சொன்னாள். நான் அவள் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து, சம்பல் தொட்டு மூன்று ரொட்டி சாப்பிட்டேன். அத்தனை நாளும் இருந்த பயம் அன்றைக்குத்தான் போனது. அப்பாடா, அக்கா எல்லாவற்றையும் மறந்துவிட்டாள் என்று நினைத்தேன்.