புதன்கிழமைகளில் விழுந்தவள்

விழுந்தவர்களை எண்ணுவது என் வேலையாக இருந்தது. தொண்ணூறுகளின் கடைசியில், ராமநாதபுரத்துக் கிராமங்களில் வயதானவர்களின் காலுக்கு வலுவூட்டும் பயிற்சி கொடுத்தால் அவர்கள் கீழே விழுவது குறையுமா என்று ஓர் ஆய்வு நடந்தது. சில ஊர்களில் பயிற்சி உண்டு, சில ஊர்களில் இல்லை. யார் எந்தத் தேதியில் விழுந்தார்கள் என்ற விவரம் மாதாமாதம் எனக்கு வரும். கணக்குப் போட்டு முடிவு சொல்ல வேண்டியவன் நான். புள்ளியியல் படித்தவன்.

பயிற்சி நடந்த ஊர்களில் ஒன்றான சிக்கல் கிராமத்தில், களையெடுக்கப் போகும் ஒரு கிழவி இருந்தாள். மற்றவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை விழுந்தார்கள், அல்லது விழவே இல்லை. அவள் விழுந்துகொண்டே இருந்தாள். அவளைச் சேர்த்தால், பயிற்சி கொடுத்த ஊர்களில்தான் விழுதல் அதிகம் என்று வந்தது.

ஆய்வை நடத்திய டாக்டர் மேசையில் அடித்தார். “என்னய்யா இது, ஒத்தக் கிழவி நம்ம ஆய்வையே கவுத்துருவா போலருக்கே! அவளைத் தூக்கிரு.”

“தூக்குனா கேள்வி வரும் சார். வேற வழி இருக்கு.”

அந்த வழியைச் சொன்ன வாய் என்னுடையது. எத்தனை முறை விழுந்தார் என்று எண்ண வேண்டாம், விழுந்தாரா இல்லையா என்று மட்டும் பார்ப்போம் என்றேன். அப்படிப் பார்த்தால், வருடம் முழுக்க விழுந்தவளும் ஒருமுறை தடுக்கியவரும் ஒன்று. விழுதல் எல்லோருக்கும் சமமாக வருவதில்லை, சிலரிடம் குவியும். அந்தக் குவியலையும் மறைக்காமல் கணக்கிடும் முறை உண்டு. அதை நான் வகுப்பில் நடத்தியே இருக்கிறேன். தெரிந்துதான் செய்தேன்.

முதலாண்டு அறிக்கை அழகாக வந்தது. சில மாதங்களில், இடுப்பெலும்பு முறிந்து அவள் படுத்துவிட்டாள் என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனேன்.

“வாங்க சாரு. கால ஆட்டு, கையை ஆட்டுன்னீகளே, இப்ப எதை ஆட்ட?”

“எப்படி ஆத்தா விழுந்தீக?”

“புதங்கெழமன்னாலே தலை கிறுகிறுன்னு வரும். செவ்வாக்கெழம அம்மனுக்கு விரதம். பச்சத்தண்ணி குடிக்க மாட்டேன், பிரஷர் மாத்திரையும் போட மாட்டேன். மறுநாளு ரெண்டு நாளு மாத்திரையவும் சேத்து முழுங்கிட்டு வயலுக்குப் போவேன். ஆஸ்பத்திரில சும்மா குடுத்தத வீணாக்கலாமா?”

“யார்ட்டயும் சொல்லலையா?”

“எவன் கேட்டான்? மாசாமாசம் வந்து, விழுந்தியா கிழவின்னு கேட்டுட்டுப் போயிருவாய்ங்க.”

திரும்பி வந்து தேதிகளைக் காலண்டரோடு ஒப்பிட்டேன். ஏறக்குறைய எல்லாம் புதன். அந்தக் குவியலைக் குவியலாகவே வைத்துப் பார்த்திருந்தால், ஏன் இவள் மட்டும் என்று எவனாவது கேட்டிருப்பான். கேட்க விடாமல் அவளை வெறும் ‘ஒன்று’ என்ற எண்ணாக்கியவன் நான்.

டாக்டரிடம் சொன்னேன். “அறிக்கை போயாச்சுய்யா. கிளறாத,” என்றார். நானும் கிளறவில்லை. அந்த ஆளை நினைத்தால் இன்றும் என் பல் நறநறக்கிறது. ஆனால் அவருக்குக் கணக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

அவள் பிறகு எழுந்து நடக்கவே இல்லை. இரண்டாம் ஆண்டு விவரத்தில் அவள் பெயருக்கு நேரே சைபர் இருந்தது.

“பாத்தியாய்யா,” என்று டாக்டர் என் முதுகில் தட்டினார், “உன் கிழவியே விழுகிறத நிறுத்திட்டா!”

படுத்துக் கிடப்பவள் எங்கே விழுவாள்? அந்தச் சைபரை, பயிற்சியால் பலன் பெற்றவர்கள் பக்கம் என் கையாலேயே சேர்த்தேன்.